இரண்டு வருஷமா என்ன கிழிச்சான் என்று கேட்டவர்களுக்கு



இன்றைய பதிவு நீளம். கோபத்தில் எழுதுகிறேன், அதனால் இன்னும் நீளம். படிக்காமல் லைக் மட்டும் போட்டுவிட்டு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் தலையாட்டினீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டை வீட்டுக்கு என் பழைய மாணவன் ஒருவன் வந்திருந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் கம்பைலர் எழுதும் குழுவில் இருக்கிறான். அதே நேரம் பார்த்து என் அக்கா மகனும் வந்தான். அவனும் ஐ.டி.தான், சென்னையில் மேனேஜர். இரண்டு பேருக்கும் இலை போட்டு உட்கார வைத்தேன்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று இவன் கேட்டான். "கம்பைலர்ல பழைய ஆப்டிமைசேஷன் பாஸ் ஒண்ணு இருக்கு, அதை எடுத்துட்டுப் புதுசு வைக்கிறோம்" என்றான் அவன். "எவ்ளோ நாளா?" "ரெண்டு வருஷம் ஆகுது." அக்கா மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சித்தி, உங்க ஸ்டூடன்ட் ரெண்டு வருஷமா என்ன கிழிச்சாருன்னு கேளுங்க. நாங்க ஒரு பேங்க்கோட மொத்த சிஸ்டத்தையே ஒன்பது மாசத்துல மாத்திக் குடுத்தோம்." அது எந்த வங்கி என்று நான் கேட்கவில்லை. என் பென்ஷன் அங்கே இல்லாமல் இருக்கவேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

மாணவன் பதில் பேசாமல் ரசம் சாதம் சாப்பிட்டான். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னான்: "அவர் கேட்டதையேதான் டீச்சர் என் ஆபீஸ்லயும் கேக்குறாங்க. புது பாஸை எழுதி முடிச்சு எட்டு மாசம் ஆச்சு, இன்னும் ஏன் ஆன் பண்ணலைன்னு. இந்த வருஷம் அப்ரைசல்ல கடைசி வரிசைல போட்டுட்டாங்க."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படித்தவள், கம்பைலர் எழுதத் தெரியாது. ஆனால் இந்தப் பையன் இரண்டு வருஷமாக போனில் என்னிடம் புலம்பியதில், அவன் என்ன செய்கிறான் என்று எனக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது. புரியாமல் கேலி செய்கிறவர்களுக்குச் சொல்லும் அளவுக்குப் புரிந்திருக்கிறது.

கம்பைலர் என்பது நீங்கள் எழுதுகிற நிரலை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருகிற மொழிபெயர்ப்பாளர். அது ஒரே மூச்சில் மாற்றிவிடாது. விடைத்தாளை நான் பிழைக்காக ஒரு தடவை, விட்டுப்போன கேள்விக்காக ஒரு தடவை, மதிப்பெண் கூட்டலுக்காக ஒரு தடவை புரட்டுவேன் இல்லையா, அதேபோல அதுவும் நிரலைப் பல தடவை புரட்டும். ஒவ்வொரு புரட்டலுக்கும் பாஸ் என்று பெயர். அதில் சில பாஸ்கள் விடையை மாற்றாமல் வேலையைக் குறைப்பவை. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி 2-ஆல் பெருக்கு என்று ஒரு வரி, அதே இரண்டையும் கூட்டி 5-ஆல் பெருக்கு என்று கீழே இன்னொரு வரி இருந்தால், புத்திசாலிப் பிள்ளை இரண்டாம் தடவை கூட்டமாட்டான், மேலே போட்ட விடையை எடுத்துக்கொள்வான். இதைக் கம்பைலரில் செய்யும் பாஸுக்கு ஜிவிஎன் என்று பெயர். இவன் மாற்றிக்கொண்டிருப்பது இந்த வகையைச் சேர்ந்த ஒன்றைத்தான்.

இதிலென்ன இரண்டு வருஷம் என்றுதானே கேட்கிறீர்கள்? உலகம் முழுக்கப் பயன்படுகிற எல்எல்விஎம் கம்பைலரைப் பாருங்கள். அதில் பழைய ஜிவிஎன் பாஸ் ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்றாக நியூஜிவிஎன் என்று ஒன்றை எழுதி 2016 கடைசியில் சேர்த்தார்கள். கார்த்திக் கார்கி என்பவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைதான் அதற்கு அடிப்படை. பழையதை விட அழகான முறை, பழையது கண்டுபிடிக்காத ஒற்றுமைகளையும் கண்டுபிடிக்கும். சரி, இன்று நீங்கள் சாதாரணமாக அந்தக் கம்பைலரை ஓட்டினால் எது ஓடும்? பழையதுதான். புதியது வேண்டும் என்றால் தனியாகக் கேட்டு வாங்கவேண்டும்.

அவர்களெல்லாம் சோம்பேறிகளா? பழைய பாஸ் தன் பெயரில் இல்லாத வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது, அதுதான் சிக்கல். ஒரு நிரலில் ஓர் இடத்துக்கு இரண்டு வழிகளில் வரலாம் என்று வையுங்கள். ஒரு வழியில் வந்தால் கணக்கு ஏற்கெனவே போட்டாயிற்று, இன்னொரு வழியில் வந்தால் போடவில்லை. போடாத வழியில் மட்டும் அதைப் போட்டுவைத்துவிட்டால், இரண்டு வழியும் சேருகிற இடத்தில் மறுபடி போடவேண்டாம். பழைய ஜிவிஎன் இதையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டது. புதியதில் அது இல்லை. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் பல நிரல்கள் வேகமாகும், சில நிரல்கள் காரணம் தெரியாமல் மெதுவாகும்.

எனக்கு இது கேட்டவுடன் புரிந்ததற்குக் காரணம் எங்கள் மணியடிப்பவர். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் தண்டவாளத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு அதில்தான் மணி அடிப்பார்கள். அடித்தவர் ஓய்வு பெற்றதும் தலைமையாசிரியர் டைமர் வைத்த மின்சார மணி வாங்கினார். எங்கள் எல்லோருக்கும் பெருமை. நொடி பிசகாமல் அடித்தது. ஒரு மாதத்துக்குள் பள்ளிக்கூடம் நாறிப்போனது. சத்துணவு வெந்து இறங்கத் தாமதமானால் பழையவர் மதிய மணியைப் பத்து நிமிஷம் தள்ளி அடிப்பார். புதிய மணி சரியாக அடித்தது, பிள்ளைகள் தட்டோடு வெயிலில் நின்றார்கள். மழை கொட்டினால் சாயங்கால மணியை நிறுத்திவைப்பார். புதியது அடித்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். இரண்டாம் பீரியட் மணிக்கு முன்னால் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம் என்பதே தொட்டி காய்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பதிவேட்டில் அவருடைய வேலை 'மணி அடித்தல்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது.

பழையவரும் தேவதூதர் இல்லை. டீக்கடையில் அரசியல் சூடாகிவிட்டால் மூன்றாம் பீரியட் ஒன்றேகால் மணி நேரம் ஓடும். மின்சார மணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து ஓடவிட்டு, எங்கெல்லாம் இரண்டும் வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று குறித்திருக்கவேண்டும். அதைத்தான் அந்தப் பையன் எட்டு மாசமாகச் செய்கிறான்.

"ஆனா சித்தி, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சுன்னா ஆன் பண்ண வேண்டியதுதானே?" இது மேனேஜரின் இரண்டாவது கேள்வி. நாற்பது வருஷம் வினாத்தாள் எடுத்தவளிடமா இதைக் கேட்கிறாய்? வினாத்தாள் என்பது நான் கேட்க நினைத்ததை மட்டும் கேட்கும். பிள்ளைக்குத் தெரியாத இடம் நான் கேட்க நினைக்காத இடத்தில் இருக்கும். அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஜான் ரெகர் என்ற பேராசிரியரின் குழு சிஸ்மித் என்று ஒரு கருவி செய்தது. மனிதன் யோசித்து எழுதாத கன்னாபின்னா நிரல்களைத் தானாக எழுதித் தள்ளும் கருவி. அதே நிரலைப் பல கம்பைலர்களிடம் கொடுத்து விடை ஒன்றாக வருகிறதா என்று பார்த்தார்கள். 2011-ல் அறிக்கை வெளியிட்டபோது 325-க்கு மேற்பட்ட பிழைகள் பிடிபட்டிருந்தன. அவர்கள் சோதித்த ஒவ்வொரு கம்பைலரும் எங்காவது ஒரு சரியான நிரலுக்குத் தவறான விடை தந்தது. அத்தனையும் தம் சொந்த டெஸ்டில் பாஸ் ஆனவைதான்.

நம் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி: அந்தச் சோதனையில் மானத்தோடு நின்றது பிரான்ஸிலிருந்து வந்தது. சேவியர் லெராய் என்பவர் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் எழுதிய காம்ப்செர்ட். அதன் ஒவ்வொரு பாஸும் விடையை மாற்றாது என்பதை, நாம் வடிவியலில் தேற்றம் நிறுவுவதுபோல, வரி வரியாகக் கணினியே சரிபார்க்கும் விதத்தில் நிறுவியிருக்கிறார்கள். யூட்டாக்காரர்கள் ஆறு ஆண்டு கணினி நேரம் செலவழித்தும் நிறுவப்பட்ட அந்தப் பகுதியில் ஒரு தவறான விடையைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. அங்கே ஒரு பாஸை மாற்றினால் நிரூபணத்தையும் சேர்த்து மாற்றவேண்டும். அங்கே போய் யாராவது என்ன கிழித்தாய் என்று கேட்டுப் பார்க்கட்டும்.

தப்பான விடை என்றால் என்ன ஆகும் என்று சிலருக்கு அலட்சியம். அது கம்பைலரில் நடந்தாலும் சிப்பில் நடந்தாலும் அனுபவிப்பவருக்கு ஒன்றுதான். 1994-ல் நடந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்டெல்லின் 486 சிப் வகுத்தலை மெதுவாக, ஆனால் சரியாகச் செய்தது. அடுத்து வந்த பென்டியத்தில் வேகமான வகுத்தல் முறையைப் புகுத்தினார்கள். அதற்கு உள்ளே ஒரு வாய்ப்பாடு, அதில் ஐந்து கட்டங்கள் விட்டுப்போயின. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், பென்டியம் 1.33374 என்றது. உட்கார்ந்து தாளில் வகுத்துப் பாருங்கள், நான் பார்த்தேன். இதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர், இரட்டைப் பகா எண்களின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டிருந்தவர். எவ்வளவோ பேர் பயன்படுத்தினார்கள், யாருக்கும் தெரியவில்லை. இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு வைத்தது அந்த ஐந்து கட்டம்.

இதையாவது தப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். புதியது விதிப்படி சரியாக இருந்தும் ஊரைக் கெடுத்த கதை ஒன்று உண்டு. அது கம்பைலர் இல்லை, அதன் பக்கத்து வீடு: லினக்ஸில் எல்லா நிரலும் பயன்படுத்தும் ஜிலிப்சி நூலகம். அதில் மெம்காப்பி என்ற சின்ன வேலைக்காரன். நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்தில் படியெடுப்பான், அவ்வளவுதான். சில சிப்களுக்கு வேகம் கூட்டுவதற்காக 2010-ல் அவனை மாற்றினார்கள். புதியவன் சில நேரம் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியெடுத்தான்.

கரும்பலகையில் ஐந்து கட்டம் போடுங்கள். முதல் கட்டம் காலி, பிறகு 3, 7, 2, 9. எல்லாவற்றையும் ஒரு கட்டம் இடப்பக்கம் தள்ளவேண்டும். இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் 3, 7, 2, 9 என்று ஒழுங்காக வந்துவிடும். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் 9 போய் 2-ஐ அழிக்கும், அந்த 9 போய் 7-ஐ அழிக்கும், கடைசியில் 9, 9, 9, 9. இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தில் மெம்காப்பியைப் பயன்படுத்தாதே, அதற்கு மெம்மூவ் என்று வேறொருவன் இருக்கிறான் என்று விதிப்புத்தகம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அடோபி ஃப்ளாஷ் அந்த விதியை மீறி எழுதப்பட்டிருந்தது. பழைய வேலைக்காரன் முன்னாலிருந்தே படியெடுத்ததால் வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. ஃபெடோரா 14 வெளிவந்ததும் ஃப்ளாஷில் பாட்டுக் கேட்டவர்களுக்கு ஒலி கரகரத்தது.

நூலகத்தின் பக்கம் நின்றவர்கள் தப்பு ஃப்ளாஷ்மேல்தான் என்றார்கள். சரிதான். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மல்லுக்கு நின்றார்: பயன்படுத்துகிறவனுக்கு நேற்று ஓடியது இன்று ஓடவில்லை, விதியைக் காட்டி அவனுக்கு என்ன லாபம் என்பது அவர் கட்சி. நான் அவர் கட்சி. பாட்டுக் கேட்க உட்கார்ந்தவர் எந்த விதியையும் மீறவில்லை. கடைசியில் ஜிலிப்சி 2.14-ல் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். அதற்கு முன் கட்டிய நிரல்களுக்குப் பழைய பெயரில் பத்திரமான படியெடுப்பு, புதிதாகக் கட்டும் நிரல்களுக்குப் புதிய வேகம். இரண்டும் ஒரே வீட்டில். இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஜிசிசி கம்பைலர்காரர்கள் இன்னும் நிதானம். அதில் ரீலோட் என்று ஒரு பாஸ், 1980-களிலிருந்து இருப்பது. உள்ளே போனவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்கள் என்று அதற்குப் பெயர். பழையதே போதும், தொடாதே என்று சொல்கிற என் வயசுக்காரர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு குட்டு: எழுதியவர் போய், புரிந்தவரும் போய், யாரும் தொட அஞ்சுகிற ஒன்றை அப்படியே வைத்திருப்பதும் ஆபத்துதான். விளாதிமிர் மகரோவ் அதற்கு மாற்றாக எல்ஆர்ஏ என்று ஒன்றை எழுதினார். 2013-ல் வந்த ஜிசிசி 4.8-ல் இன்டெல் வகை சிப்களுக்கு மட்டும் அதை இயக்கினார்கள். மற்றவற்றுக்குப் பழையதே ஓடியது. பிறகு ஒவ்வொரு சிப் வகையாக, அந்தந்த வகையைக் கவனிக்கிறவர் சரிபார்த்துச் சரி என்ற பிறகு மாற்றினார்கள். வருஷக்கணக்கில் இரண்டும் ஒரே கம்பைலருக்குள் குடியிருந்தன. (நம் ஊரில் பாடத்திட்டம் மாற்றிய விதத்தைப் பற்றி இங்கே கேட்காதீர்கள். அது வேறொரு நாள், வேறொரு கோபம்.)

இனி அந்த அப்ரைசலுக்கு வருகிறேன். அவனுடைய மேலதிகாரி காட்டிய காகிதத்தில் ஒரே ஓர் எண் இருந்ததாம்: சோதனை நிரல்கள் எல்லாவற்றிலும் சராசரியாக 2 சதவீதம் வேகம். 2 சதவீதம் கையில் இருக்கும்போது ஏன் பூட்டிவைத்திருக்கிறாய் என்று கேள்வி.

சராசரியைப் பற்றி என்னிடம் பேசவேண்டாம். நாற்பது பேர் வகுப்பில் சராசரி 52-லிருந்து 54 ஆயிற்று என்று நான் தலைமையாசிரியரிடம் பெருமையாகக் காட்டலாம். போன தடவை 40 வாங்கிய மூன்று பேர் இந்தத் தடவை 28 வாங்கியிருந்தால், அந்த மூன்று அம்மாக்களிடம் சராசரியைக் காட்டமுடியுமா? இவனுடைய சோதனையில் பெரும்பாலான நிரல்கள் வேகமாயின, ஆனால் சில நிரல்கள் பழையதை விட நன்றாகவே மெதுவாயின. அதில் ஒன்று வாடிக்கையாளர் ஒருவர் நாள் முழுவதும் ஓட்டுவது. இன்னொன்றில் விடையே மாறியது. ஒரே ஒன்றில்தான். அதனால்தான் அவன் ஆன் செய்யவில்லை.

எட்டு மாசமாக அவன் செய்வதைச் சொல்கிறேன். மெதுவான நிரல் ஒவ்வொன்றையும் எடுத்து, தேவையில்லாததை வெட்டிக்கொண்டே போய், பத்து வரியில் அதே கோளாறு தெரிகிற அளவுக்குச் சுருக்குகிறான். அந்தப் பத்து வரியை நிரந்தர டெஸ்டாகச் சேர்க்கிறான். அப்புறம்தான் கையை வைக்கிறான். எந்த மாற்றத்தில் கெட்டது என்று தெரியாவிட்டால் நடுவில் பிளந்து தேடுகிறான். ஆயிரம் மாற்றங்களில் ஒன்று கெட்டது என்றால் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம். மனசுக்குள் ஒரு எண் நினைத்துக்கொள், நான் கண்டுபிடிக்கிறேன் என்று வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் விளையாடுவோமே, அதே விளையாட்டு. "அதை வெச்சுதான் டீச்சர் சம்பாதிக்கிறேன்" என்று ஒரு தடவை சொன்னான். எனக்கு நல்லாசிரியர் விருது வரவில்லை, இதை வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு பாஸையும் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான். முதல் வெளியீட்டில் விரும்புகிறவர்களுக்கு மட்டும் புதியது. அடுத்ததில் எல்லோருக்கும் புதியது, ஆனால் சுவிட்சைப் போட்டால் பழையதுக்குத் திரும்பலாம். புகார் வராமல் இன்னும் ஒரு வெளியீடு ஓடிய பிறகு பழையதை அழிக்கலாம். இதுதான் அவன் திட்டம். அழிக்கும் நாளில் அவனுக்குத்தான் எல்லோரையும் விட அதிக சந்தோஷம் இருக்கும், ஏனென்றால் பழைய பாஸை முழுசாகப் படித்த ஒரே ஆள் இப்போது அவன்தான்.

அக்கா மகனே, இதைப் படிப்பாய் என்று தெரியும். உன் ஒன்பது மாசத்தில் இதில் எதைச் செய்தாய்? பழைய சிஸ்டமும் புதியதும் எத்தனை நாள் சேர்ந்து ஓடின? திரும்பிப் போக சுவிட்ச் இருந்ததா? இருந்தது என்றால் இங்கேயே எழுது, எல்லோர் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அடுத்த ஞாயிறு உனக்குப் பிடித்த வஞ்சிரம் வறுத்துத் தருகிறேன். இல்லை என்றாலும் வா, சாம்பார்தான்.

என்னிடம் படித்தவர்களில் மேனேஜர் ஆனவர்கள் இந்தப் பட்டியலில் குறைந்தது இருபது பேர் இருக்கிறீர்கள். உங்கள் அப்ரைசல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். புதிதாக என்ன செய்தார் என்று கேட்க எத்தனை வரிகள் இருக்கின்றன? நேற்று ஓடியது இன்றும் ஓடும்படி பார்த்துக்கொண்டாரா என்று கேட்க எத்தனை வரிகள் இருக்கின்றன? எண்ணிப் பார்த்துக் கீழே கமெண்டில் போடுங்கள். பூஜ்யம் என்றாலும் போடுங்கள். அந்தப் பையனும் படிப்பான்.